டிஎன்ஏ வடிவங்கள்: அட்டவணைக்கு முன் நீரையும் உப்பையும் படியுங்கள்

சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் டிஎன்ஏ இரட்டைச் சுருள் எடுக்கும் ஏ, பி, இசட் ஆகிய வடிவங்களை ஓர் அட்டவணையாகவே மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அந்த எண்கள் மனத்தில் தங்கியது, டிஎன்ஏவைச் சூழ்ந்துள்ள நீரும் உப்பும் என்ன செய்கின்றன என்பதைப் படித்த பிறகுதான். நீங்களும் அந்த வரிசையிலேயே படியுங்கள்.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் ரேமண்ட் கோஸ்லிங்கும் 1950களின் தொடக்கத்தில் செய்த ஆய்விலிருந்து தொடங்கலாம். ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காடாக இருக்கையில் ஏ வடிவத்தில் இருந்த டிஎன்ஏ நார், 92 விழுக்காட்டுக்கு மேல் நீண்டு பி வடிவமானது. உலர்த்தினால் பழைய வடிவத்துக்கே திரும்பியது. காரணத்தை, ஒவ்வோர் இழையின் முதுகெலும்பிலும் சர்க்கரைகளை இணைக்கும் எதிர்மின் பாஸ்பேட்டுகளில் தேட வேண்டும். பி வடிவத்தில் ஒரே இழையின் அடுத்தடுத்த பாஸ்பேட்டுகள் சுமார் 0.7 நானோமீட்டர் இடைவெளியில் நிற்பதால் ஒவ்வொன்றும் தனக்கென நீர் மூலக்கூறுகளை வைத்துக்கொள்கிறது. நீர் குறையும்போது அவை நெருங்கி, ஒரே நீர் மூலக்கூறை இரண்டு பாஸ்பேட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. சர்க்கரை வளையத்தின் மடிப்பு மாறுகிறது, அடுத்தடுத்த கார இணைகளுக்கிடையே உள்ள உயரம் 0.34 நானோமீட்டரிலிருந்து ஏறத்தாழ 0.26 ஆகச் சுருங்குகிறது. எத்தனால் 75 விழுக்காட்டைத் தாண்டும் கரைசலிலும் நடப்பது இதுவே, ஏனெனில் அங்கும் டிஎன்ஏவுக்குக் கிடைக்கும் நீர் குறைகிறது. அடினைன்–தைமின் மிகுந்த பகுதிகள் எளிதில் ஏ வடிவத்துக்கு மாறாததற்கு, அவற்றின் சிறு பள்ளத்தில் (இரட்டைச் சுருளின் இரு பள்ளங்களில் குறுகியது) வரிசையாக அமர்ந்திருக்கும் நீர் மூலக்கூறுகள் ஒரு காரணம். பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் கடந்துவிடும் இந்தச் செய்தியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

இசட் வடிவத்தில் உப்பே முதன்மை. குவானைனும் சைட்டோசினும் மாறிமாறி வரும் டிஎன்ஏவில் சோடியம் குளோரைடின் செறிவை ஏறத்தாழ 2.5 மோலாருக்கு உயர்த்தியபோது வட்ட இருநிறமை நிறமாலை (இடச்சுழல், வலச்சுழல் ஒளியை மூலக்கூறு எவ்வளவு வேறுபட்டு உறிஞ்சுகிறது என்பதன் வரைபடம்) தலைகீழானதை போல் (Pohl), ஜோவின் (Jovin) என்ற ஆய்வாளர்கள் 1972இல் காட்டினர். இடப்பக்கமாகச் சுழலும் இந்த இசட் வடிவத்தில் எதிரெதிர் இழைகளின் பாஸ்பேட்டுகள் நெருங்குவதால், அவற்றின் விலக்கு விசையைத் தணிக்க நேர் அயனிகள் மிகுதியாக வேண்டும். சைட்டோசினில் மெத்தில் தொகுதி சேர்ந்தால் இதைவிட மிகக் குறைந்த உப்பிலேயே மாற்றம் நிகழும் என்பதால், வினாவில் 'மெத்தில்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உப்புக் கூடினால் உருகு வெப்பநிலை உயர்வதும் இதே மின்விலக்கம் தணிவதால்தான். ஆனால் உருகுதல் இழைகள் பிரிவது. இசட் வடிவமோ இரட்டை இழையாகவே நீடிப்பது. இவ்விரண்டையும் குழப்பும் விடைத்தெரிவுகளை நீக்கிவிட்டு, பி வடிவத்துக்கும் இசட் வடிவத்துக்கும் உரிய நிறமாலைக் கோடுகளை ஒரே தாளில் கையால் வரைந்து பழகுங்கள்.