அண்டாவுக்குள் ஒரு தலை

இன்று கோயிலில் அசனம் (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) முடிந்து கை கழுவப் போனால், குழாயடியில் சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது எங்கள் பழைய தலைமையாசிரியர்.

மடித்துக் கட்டிய வேட்டி. முழங்கை வரை கரி.

"ஐயா விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றேன்.

"அடி பிடிச்சிருக்குப்பா, நீ தண்ணி மட்டும் ஊத்து."

பைபிளில் யோவான் 13-ஆம் அதிகாரத்தை எத்தனையோ பெரிய வியாழன்களில் (புனித வெள்ளிக்கு முந்தின நாள்) கேட்டிருக்கிறேன். இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார், யூதாஸ் எழுந்து வெளியே போவது அதற்கு அப்புறம்தான். அப்படியென்றால் காட்டிக்கொடுக்கப் போகிறவனின் காலையும் கழுவித் துடைத்திருக்கிறார். தெரிந்தே.

எனக்குப் பிடித்தவர்களுக்குச் செய்யவே எவ்வளவு யோசிக்கிறேன்.

வாளியை எடுத்துத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் மூன்று அண்டா இருந்தது.