மைலேஜுக்காகப் பழைய கார்: எப்போது மாற்றலாம்?

பெட்ரோல் விலை ஏறினால் பழைய கார் சந்தையில் ஆல்டோ, வேகன் ஆர், செலிரியோ கேட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். விற்பவரும் விலையை ஏற்றிவிடுவார். எல்லாரும் மைலேஜ் மைலேஜ் என்று அலையும் நேரத்தில் போய் வாங்கினால், பெட்ரோலில் மிச்சம் பிடிக்கப் போவதை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிட்டு வருவோம்.

முதல் வேலை, கையில் இருக்கும் கார் நிஜமாக எவ்வளவு தருகிறது என்று அளப்பது. பங்கில் நாசில் தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். குறைந்தது 300 கி.மீ. ஓட்டிய பிறகு அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி கட் ஆகும்வரை நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஏறிய லிட்டரால் வகுத்தால் கணக்கு வந்துவிடும். "ரவுண்டாப் போட்டுக்கலாம் சார்" என்று பங்க் பையன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த அரை லிட்டரே கணக்கைக் கெடுக்கும். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

லிட்டர் 100 ரூபாய், மாத ஓட்டம் 1,000 கி.மீ. என்று வட்டமாக வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கி.மீ. தரும் காருக்கு மாதம் 8,300 ரூபாய் ஆகும். 16 தரும் காருக்கு 6,250, 20க்கு 5,000, 24க்கு 4,200க்குக் கொஞ்சம் கீழே. 12லிருந்து 16க்குப் போனால் இரண்டாயிரம் மிச்சம். அதே நாலு கிலோமீட்டர்தான் 20லிருந்து 24க்கும், ஆனால் அங்கே மிச்சம் 800 ரூபாயைச் சுற்றித்தான். இப்போதே 17, 18 தரும் காரை வைத்திருப்பவர், இன்னும் நாலு கி.மீ. கூடக் கிடைக்கும் என்று மாற்றுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. 12க்குக் கீழே ஓடும் பழைய செடானையோ எஸ்யூவியையோ வைத்திருப்பவருக்கே இந்தக் கணக்கு பேசும்.

அவருக்கும் கடன் போட்டால் கணக்கு மாறும். 3 லட்சத்தை 13 சதவீத வட்டிக்கு 4 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை 8,050 ரூபாய்க்குப் பக்கம் வரும், மொத்த வட்டி 86,000. 12லிருந்து 18க்கு மாறியவருக்கு 1,000 கி.மீ. ஓட்டத்தில் மாத மிச்சம் 2,800ஐத் தாண்டாது. மாதம் 2,000 கி.மீ. ஓடுபவர் கைப்பணம் போட்டு வாங்கினால்கூட அந்த 3 லட்சம் திரும்பி வர நாலரை வருடம் ஆகும். ஆகவே மைலேஜுக்காக மட்டும் மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகும் நேரம் ஒன்று உண்டு. பழைய காரே பெரிய செலவு கேட்டு நிற்கும் நேரம். கிளட்ச் வழுக்குகிறது, நாலு டயரும் மொட்டை, ஏசி கம்ப்ரஸர் சத்தம் போடுகிறது, இல்லையென்றால் 15 வருட எஃப்.சி. (தகுதிச் சான்று) வருகிறது. 15 வருடக் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. அதன்மேல் பசுமை வரி. ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தும் நிலைக்குக் காரைக் கொண்டுவர டிங்கரிங், பெயின்ட் செலவு தனி. இப்படி எழுபதாயிரம், எண்பதாயிரம் எப்படியும் போகத்தான் போகிறது என்றால் அதை, அடுத்த காருக்கு மேற்கொண்டு போடும் பணத்திலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். அப்போதுதான் மைலேஜ் மிச்சமும் கைக்கு வரும். எஃப்.சி.க்கு ஆறு மாதம் முன்பே விற்றுவிடுவது நல்லது. தேதி முடிந்த காரை வியாபாரி இரும்பு விலைக்குத்தான் கேட்பார்.

மாதம் பார்ப்பதும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்க நம் ஊரில் பலர் தயங்குவார்கள், அதனால் அந்த மாதங்களில் பேரம் படியும். ஆயுத பூஜை, தீபாவளிக்குப் புதுக் கார் எடுத்தவர்கள் எக்ஸ்சேஞ்சில் விட்ட வண்டிகள் நவம்பரில் சந்தைக்கு வரும். ஜனவரி பிறந்தால் எல்லா வண்டிக்கும் ஒரு வயது கூடிவிடும் என்பதால் டிசம்பர் கடைசியில் விற்பவருக்கு அவசரம். மார்கழியும் டிசம்பரும் சேரும் அந்த இரண்டு வாரம்தான் நல்ல நேரம், சாஸ்திரம் பார்க்காதவர்களுக்கு. விலை பேசும்போது ஆர்.சி.யில் உள்ள பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். 2020 ஜனவரியில் பதிவான வண்டி 2019இல் செய்ததாக இருக்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. புதுக் கார் விலை இறங்கியும், தான் வாங்கிய பழைய பில்லைக் காட்டி விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையை வைத்துத்தான் பேச வேண்டும்.

எந்தக் கார்? கம்பெனி சொல்லும் மைலேஜ் ஆய்வகத்தில் அளந்தது. கிளட்ச் மிதி இல்லாமல் தானாக கியர் மாறும் செலிரியோ ஏஜிஎஸ்ஸுக்கு 26.68 என்று போட்டிருக்கும். நகர நெரிசலில் ஏசியோடு அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாலே திருப்திப்படலாம். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால் மைலேஜும் சில சதவீதம் இறங்கும். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளில் எரிபொருள் ஹோஸ் ரப்பர் கெட்டித்துப்போயிருக்கிறதா, கசிகிறதா என்று பார்ப்பது நல்லது.

டீசல் மைலேஜ் தரும்தான். ஆனால் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அதில் சேரும் கரி எரிய நெடுஞ்சாலை ஓட்டம் தேவை. தினமும் ஐந்து கி.மீ. பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும், பெரிய செலவு. டெல்லியில் 10 வருடம் தாண்டிய டீசலுக்குக் கெடுபிடி என்பதால் அங்கிருந்து மலிவாக வரும். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு ஆயுள் வரி, நம்பர் மாற்றம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் மலிவு போய்விடும். சிஎன்ஜி வண்டியென்றால் ஆர்.சி.யில் சிஎன்ஜி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்; சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் பிரஷர் டெஸ்ட் முடிந்திருக்கிறதா என்று வண்டியில் உள்ள சிஎன்ஜி தகட்டில் பாருங்கள்.

வண்டி பார்க்கக் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். மைலேஜைத் தின்னும் கோளாறுகள் ஓட்டிப் பார்த்தால் தெரியும். மாருதி சின்னக் கார்களில் இன்ஜின் சூடேறும்வரை நீல விளக்கு எரியும். சில நிமிடத்தில் அது அணையாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது, அல்லது யாரோ மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். நம் ஊர் வெயிலுக்குத் தேவையில்லை என்று கழற்றுவது பழைய வழக்கம். இன்ஜின் குளிராகவே ஓடினால் அதன் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். நாலாவது கியரில் 40இல் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் போயிற்று. பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்து ரிம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் இரண்டில் ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பிரேக் பிடித்தபடி ஓடுகிறது.

ஈ.சி.யு.வைப் படிக்கும் சில நூறு ரூபாய் ஓபிடி கருவி ஒன்றைச் செருகி, போனில் லாங் டெர்ம் ஃப்யூயல் டிரிம்மைப் பார்க்கலாம். ஈ.சி.யு. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதுதான் அது. கூட்டல் பத்துக்கு மேல் என்றால் காற்றுக் கசிவோ பெட்ரோல் அழுத்தக் குறைவோ இருக்கலாம். கழித்தல் பத்தையும் தாண்டினால் இன்ஜெக்டர் ஒழுகலாம். டயரில் உள்ள கடைசி நாலு எண்ணையும் படியுங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். மீட்டர் 28,000 காட்டும் வண்டியில் நாலு டயரும் மாற்றியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு எடுத்தால் கிலோமீட்டர் பொய் வெளிவந்துவிடும்.

2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் துடைத்து விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சேற்றுக் கறை தெரியும். சீட் ரெயில் துருவையும் ஸ்டெப்னி குழியையும் பார்க்காமல் டோக்கன் அட்வான்ஸ் தராதீர்கள்.

பேப்பர் விஷயத்தில், அரசின் எம்பரிவாகன் செயலியில் கடன், சலான், இன்சூரன்ஸ், எத்தனையாவது ஓனர் எல்லாம் தெரியும். கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நின்றால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் 28ம் சேரும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறும்வரை ஒரு தொகையை நிறுத்திவைப்பதாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற வேண்டும். நோ க்ளைம் போனஸ் விற்பவரோடு போய்விடும், அதனால் ஏறும் பிரீமியத்தை முன்பே பட்ஜெட்டில் சேருங்கள்.

வாங்கிய வாரமே ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஆயில் மாற்றிவிடுங்கள். மேனுவலில் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் சொல்லியிருக்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றி வைத்திருப்பார்கள், அதற்கே மைலேஜ் கொஞ்சம் அடிபடும். காற்றைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். பிறகு பழைய காரை அளந்த அதே பம்பில் கட் ஆகும்வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கிக் கிளம்பலாம்.