யானை மூலையில் நான்கு நாள்

கமன்ஜாபைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் சரளைதான். வண்டிக்குப் பின்னால் புழுதி எழுந்து நிற்க, மேற்கே க்ரூட்பெர்க் கணவாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே வந்தவை மூன்று வண்டிகளும் ஒரு கழுதை வண்டியும் மட்டும். கழுதை வண்டிக்காரர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். நமீபியாவின் வடமேற்கு மூலையில், குனேனே மாகாணத்தில், அன்று நான் பார்த்த முதல் முகம் அவருடையது.

நான் வேலை பார்ப்பது ஜோகன்னஸ்பர்க்கில். சோலார், காற்றாலைத் திட்டங்களுக்கு வெளிநாட்டுப் பணம் திரட்டித் தரும் அலுவலகம். மூன்று வருடத்தில் நான் படித்த திட்ட அறிக்கைகள் எல்லாவற்றிலும் ‘உள்ளூர் மக்களிடம் கலந்து பேசப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அது எப்படி நடக்கிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட ஹால், ஒரு மதியப் பொழுது, பொட்டலச் சாப்பாடு, கையெழுத்துத் தாள். பெரியவர் ஒருவர் எழுந்து, “வேலி போட்ட பிறகு எங்கள் மாடுகள் எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகும்?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. கூட்டம் முடிந்தது, அறிக்கையில் அந்த வரி ஏறியது. எனக்குத்தான் பல நாள் தூக்கம் சரியில்லை. வேறு மாதிரி நடந்த இடம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும் என்றுதான் விடுமுறையில் இங்கே கிளம்பி வந்தேன்.

கணவாயின் உச்சியில், பாறை விளிம்பில் ஒட்டிவைத்தது போல நிற்கிறது க்ரூட்பெர்க் லாட்ஜ். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஜ் அல்ல. இங்கே அந்தச் சொல்லுக்குக் காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி என்று பொருள். கல் சுவர், புல் கூரை, கீழே கிளிப் ஆற்றின் பள்ளத்தாக்கு. தட்டைத் தட்டையாக அரிந்து வைத்தது போன்ற சிவப்பு மலைகள் கண்ணுக்கெட்டும் தூரம் வரை. விளிம்பில் போய் நின்றபோது என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன்.

இந்த விடுதி 2005-இல் திறக்கப்பட்டது. கட்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவிப் பணம். முழு உரிமையும் இங்கே வாழும் ஆட்டுக்காரர்கள், மாட்டுக்காரர்களின் அமைப்புக்கு. அன்றாட நிர்வாகம் மட்டும் ஒப்பந்தத்தின் பேரில் ஒரு தனியார் நிறுவனத்திடம். அமைப்பின் பெயரை நம் எழுத்தில் எழுத வழியில்லை. டமாரா மக்கள் பேசும் கோய்கோய் மொழியில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் நான்கு ஒலிகள் உண்டு. அவற்றில் ஒன்று பெயரின் தொடக்கத்தில், இன்னொன்று நடுவில். சொடுக்கை விட்டுவிட்டால் கோடி-ஹோவாஸ். ‘யானை மூலை’ என்று அர்த்தம். வழிகாட்டியாக வந்த இளைஞர் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தார். பதினோராவது தடவை நான் சொன்னதைக் கேட்டுப் புன்னகைத்துவிட்டு, “யானைக்குப் புரியும், போதும்” என்றார்.

அவர் இதே மலையில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். “முதலாளி யார் என்று விருந்தாளிகள் கேட்பார்கள். என் அம்மா என்று சொல்வேன். நம்ப மாட்டார்கள். ஆனால் அவள் உறுப்பினர், ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்குகிறவள். அப்போது முதலாளிதானே?” என்று கேட்டார். இதைச் சொல்லும்போது அவர் தோள் நிமிர்ந்ததை நான் கவனித்தேன்.

ஒரு ஆட்டுக்காரப் பெண் முதலாளியானது ஒரு நாளில் நடக்கவில்லை. நமீபியா தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த காலத்தில், தனிப் பண்ணை வைத்திருந்த வெள்ளையர்களுக்குத் தங்கள் நிலத்து விலங்குகளின்மேல் சட்டப்படி உரிமை இருந்தது. பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பர்களுக்கு அது இல்லை. யானை பயிரை மிதிக்கலாம், சிங்கம் ஆட்டை அடிக்கலாம். பதிலுக்கு ஒரு மானைப் பிடித்தால் சிறை. 1980-களின் தொடக்கத்தில் கடும் வறட்சி வந்தது, வேட்டையும் சேர்ந்துகொண்டது. காண்டாமிருகமும் யானையும் மளமளவென்று குறைந்தன. அப்போது கார்த் ஓவன்-ஸ்மித் என்ற வனவிலங்குப் பாதுகாவலர் கிராமத் தலைவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார். காவலுக்கு யாரை வைப்பது என்று தலைவர்களே முடிவு செய்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இந்த மண்ணின் தடம் அறிந்தவர்கள். கூலி, மளிகைச் சாமானும் கொஞ்சம் காசும். வேட்டை குறைந்தது. ஓவன்-ஸ்மித்தும் மானிடவியலாளர் மார்கரெட் ஜேக்கப்சனும் அடுத்த முப்பது ஆண்டுகளையும் இந்த வேலையிலேயே கழித்தார்கள். 1993-இல் இருவருக்கும் சுற்றுச்சூழல் பணிக்கான கோல்ட்மேன் பரிசு கிடைத்தது. 2020-இல் ஓவன்-ஸ்மித் காலமானார். இன்றும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தால் அவர் பேச்சு வருகிறது.

நாடு 1990-இல் விடுதலை அடைந்தது. 1996-இல் சட்டத் திருத்தம் வந்தது. ஒரு பகுதி மக்கள் எல்லையைப் பக்கத்து ஊர்களோடு பேசி முடிவு செய்து, உறுப்பினர் பட்டியல், கமிட்டி, விதிமுறை, வருமானத்தைப் பங்கிடும் திட்டம் எல்லாம் வைத்துப் பதிவு செய்தால், அந்தப் பகுதியின் காட்டு விலங்கு வருமானத்திலும் சுற்றுலாவிலும் அவர்களுக்கு உரிமை. இதற்குக் கன்சர்வன்சி என்று பெயர். 1998-இல் பதிவான முதல் நான்கில் யானை மூலையும் ஒன்று. இன்று நாடு முழுக்க 86 கன்சர்வன்சிகள். நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

முதலீட்டாளரையும் ஊர் மக்களையும் இணைப்பது பற்றி எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். இணைப்புப் பாலம், இடைத்தரகர், கருத்தரங்கு. இங்கே வந்த பிறகு எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: இங்கே உரிமை முதலில் கைக்கு வந்தது, முதலீட்டாளர் அதற்குப் பிறகுதான் வந்து எதிரே உட்கார்ந்தார். கையில் எதுவும் இல்லாதவரைப் பேச அழைத்தால் அவர் பேசலாம், அவ்வளவுதான். எத்தியோப்பியாவின் கம்பெல்லாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2010-இல் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு பூ ஏற்றுமதி நிறுவனம் அரசிடம் 1 லட்சம் ஹெக்டேர் குத்தகைக்கு எடுத்தது. அங்கே வாழ்ந்த அனுவாக் மக்கள் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே இல்லை. ஐந்து வருடத்தில் அரசே குத்தகையை ரத்து செய்தது. நம் நாட்டுப் பணம் போய் இப்படி முடிந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

மூன்றாம் நாள் கணவாயிலிருந்து இறங்கி, பாம்வாக் வழியாகத் தெற்கே போனேன். அங்கே கால்நடை நோய்க்கான தடுப்பு வேலியில் வண்டியை நிறுத்திப் பச்சை இறைச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் கொண்டுபோனது அவலும் வேர்க்கடலையும். காவலருக்கு ஒரு கை அவல் கொடுத்தேன், வாங்கி மென்று பார்த்தார்.

பெர்க்சிக் சின்ன ஊர். இந்த ஊர் இருக்கும் டோர்ரா கன்சர்வன்சியின் மக்களில் பலர் இந்த மண்ணுக்குப் புதியவர்கள். தென்னாப்பிரிக்காவின் ரீம்வாஸ்மாக்கில் வாழ்ந்தவர்களை நிறவெறி அரசு 1970-களில் பிடுங்கி எடுத்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இந்தப் பாலையில் கொண்டுவந்து இறக்கியது. 1994-க்குப் பிறகு சிலர் திரும்பிப் போனார்கள், மற்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர்கள். இவர்கள்தான் 1996-இல் வைல்டர்னஸ் சஃபாரிஸ் என்ற சுற்றுலா நிறுவனத்தோடு உட்கார்ந்து டமாராலாந்து என்ற சுற்றுலா முகாமுக்கு ஒப்பந்தம் பேசினார்கள். அறை வாடகையில் 10 சதவீதம் ஊருக்கு, வேலையில் முதல் இடம் ஊராருக்கு, வருடங்கள் போகப் போகக் கட்டடத்திலும் பங்கு. அந்தக் காலத்தில் இப்படி ஒரு ஒப்பந்தம் அபூர்வம். 2003-இல் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 630 நமீபிய டாலர் ரொக்கமாகக் கொடுத்தார்கள். 2004-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு டோர்ராவுக்குக் கிடைத்தது.

கணக்கு வழக்குகளில் பழகிய ஒரு அம்மாவிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். கறுப்புத் தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். ஒப்பந்தம் பேசும்போது எது கஷ்டம் என்று கேட்டேன். “சதவீதம் கஷ்டமில்லை. எதற்குச் சதவீதம் என்பதுதான் கஷ்டம். லாபத்தில் என்றால் விட்டுவிடு. லாபம் எவ்வளவு என்று அவன்தான் சொல்வான். வாடகையில் என்றால் பிடித்துக்கொள். எத்தனை பேர் வந்து தங்கினார்கள் என்று என் அக்கா மகள் சொல்வாள், படுக்கை விரிக்கிறவள் அவள்தானே.” என் அலுவலகத்தில் பல லட்சம் கொடுத்து வக்கீல் வைத்து வாங்கும் ஆலோசனை இது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

2020 பற்றிக் கேட்டேன். விமானங்கள் நின்றன. ஒரு விருந்தாளி இல்லை. “பூஜ்யத்தில் 10 சதவீதம் எவ்வளவு?” என்று கேட்டுவிட்டு அவரே கையை விரித்துக் காட்டினார். காவலர் சம்பளத்துக்கு நிவாரண நிதி திரட்ட வேண்டியிருந்தது. அதற்கு முன்பிருந்தே பல வருட வறட்சியில் மானும் வரிக்குதிரையும் பெருமளவு செத்திருந்தன. பசியில் இருந்த சிங்கங்கள் ஆட்டுப்பட்டிக்கு வந்தன. வெளியூர் பணத்தையும் வெளியூர் பயணிகளையும் மட்டும் நம்பினால் இதுதான் ஆபத்து. இன்னொரு ஓட்டையும் உண்டு. விலங்கின் மேல் உரிமை கிடைத்தது, நிலம் இன்னும் அரசுடையதுதான். வெளியிலிருந்து யாராவது மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து மேய்த்தால் கன்சர்வன்சியால் எளிதில் தடுக்க முடிவதில்லை. அதைப் பற்றிப் பேசும்போதுதான் அந்த அம்மாவின் குரல் முதல் முறையாக உயர்ந்தது.

வேட்டைக்கென்றே பணம் கட்டி வருகிற வெளிநாட்டவரும் இங்கே ஒரு வகை வருமானம். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் சுடலாம், பணமும் இறைச்சியும் ஊருக்கு. எனக்கு அது ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை. ஆனால் அந்த இறைச்சியைப் பங்கிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறவரிடம் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை.

கடைசி நாள் வழிகாட்டி இளைஞர் என்னை ஒரு பாட்டியிடம் அழைத்துப் போனார். இங்கே வயதான பெண்களை ஓமா என்று கூப்பிடுகிறார்கள், ஆப்பிரிகான்ஸ் சொல். “மடிசா, ஓமா” என்று நலம் விசாரித்தேன். தகர வீடு, முள் வேலிப் பட்டி, முப்பது நாற்பது ஆடுகள், ஒரு சோலார் பம்பு, தண்ணீர்த் தொட்டி. தொட்டியைச் சுற்றிப் பெரிய பாறைகளை அடுக்கி ஆள் உயரத்துக்குச் சுவர். யானை துதிக்கையை மட்டும் நீட்டிக் குடிக்கலாம், குழாயைப் பிடுங்க முடியாது. இரண்டு நாளுக்கு முன் யானைக் கூட்டம் வந்திருக்கிறது. ஒரு பெரிய யானை நாளைக்கு 150 லிட்டருக்கு மேல் குடிக்கும். தொட்டியின் அடியில் ஒரு சாண் தண்ணீர்தான் இருந்தது. சுவரின் ஒரு மூலையில் இரண்டு பாறைகள் கீழே உருண்டு கிடந்தன.

“உங்கள் வீட்டில் யாராவது லாட்ஜில் வேலை பார்க்கிறார்களா?” என்று கேட்டேன்.

“இல்லை. பேரன் விண்ணப்பம் போட்டான், கிடைக்கவில்லை.”

“ஆடு செத்தால் பணம் தருகிறார்களா?”

“தருவார்கள். நஷ்ட ஈடு இல்லை, உதவி என்று சொல்வார்கள். ஆடு விலை வராது. ராத்திரி பட்டியில் அடைக்காத ஆட்டுக்கு அதுவும் இல்லை.”

“அப்படியென்றால் இந்த யானைகள் வேண்டாம் என்று தோன்றவில்லையா?”

ஓமா என்னை நேராகப் பார்த்தார். அவர் டமாரா மொழியில் சொன்னதை இளைஞர் ஆங்கிலத்தில் சொன்னார். “யானை என் தண்ணீரைக் குடிக்கிறது. லாட்ஜ் யானையைக் காட்டிச் சம்பாதிக்கிறது. அப்படியென்றால் தண்ணீருக்குக் காசு யார் தர வேண்டும்? ஆண்டுக் கூட்டத்தில் இதைத்தான் கேட்கப் போகிறேன். போன தடவையும் கேட்டேன்.”

போன தடவை என்ன ஆனது என்று கேட்டேன். அவர் சுவரைக் காட்டினார். போன தடவை கேட்டதற்குக் கிடைத்ததுதான் இந்தக் கல் சுவர். இந்தத் தடவை இரண்டாவது தொட்டி, யானைகளுக்கென்றே, வீட்டிலிருந்து தள்ளி.

இளைஞரும் நானும் உருண்ட பாறைகளைத் தூக்கி மறுபடி வைக்கப் பார்த்தோம். சின்னதை வைத்துவிட்டோம். பெரியது இருவர் கைக்கு அசையவில்லை. ஓமா வேண்டாம் என்று கையசைத்தார். பேரன் நாளைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவானாம். நாங்கள் கிளம்பும்போது அவர் பட்டியின் முள் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றாக எண்ணியபடி.