இந்தக் காற்றாடி யாருடையது?

திருநெல்வேலி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த ராதாபுரம் வட்டாரத்துக்கு ஆடி மாதம் கணக்கெடுக்கப் போகிறவர்கள் வினாத்தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கணவாய் வழியே வரும் காற்று அப்படி. ஆய்வு உதவியாளராக நான் முதன்முதலில் அங்கே போனதும் ஓர் ஆடியில்தான். எரிசக்தி நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு ஊர்களுக்கு எப்படி வந்து சேர்கிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கு முந்தைய மாதங்கள் முழுவதும் பாளையங்கோட்டையில் ஓர் அறைக்குள், ஆண்டறிக்கைகளோடு கழிந்தன. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய்: இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு வகைக்குள் போட்டு எண்ணுவதுதான் எங்கள் வேலை. பள்ளிக்குச் சூரிய விளக்கு கொடுத்தது கல்வியா, எரிசக்தியா? நானும் தோழியும் தனித்தனியே குறியிட்டு, இருவர் குறியிட்டது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும், 1960இல் ஜேக்கப் கோஹன் தந்த கப்பா அளவையால் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் முறை மிகவும் குறைவாக வந்தது. பிறகு வரிவரியாக வாதாடி விதிகளை எழுதினோம். காற்றாலை மின்சாரத்தை விற்பது நிறுவனத்தின் வழக்கமான தொழில், அது இந்தக் கணக்கில் வராது என்பது அவற்றில் ஒன்று. அந்த வாதங்களில் கற்ற அளவுக்கு எந்த வகுப்பிலும் நான் கற்றதில்லை.

ஊருக்குப் போனதும் வேறு சிக்கல் வந்தது. 'காற்றாலை நிறுவனத்தின் பணிகளால் உங்களுக்குப் பயன் உண்டா?' பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையில், ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இதைக் கேட்டோம். எல்லாரும் 'உண்டு' என்றார்கள். ஒரு தாளில்கூட 'இல்லை' விழவில்லை. எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், ஒரு காற்றாலைக் கோபுரத்தின் நிழலில் ஆடுகளோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எந்தக் கம்பெனி, பிள்ளை? காற்றாடி ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையது. இது கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்லுக்காரருடையது என்கிறார்கள். வாட்ச்மேனைத் தவிர இங்கே நான் யாரைப் பார்த்தேன்?"

ஆச்சி சொன்னதில் எங்கள் பட்டியலே ஆட்டம் கண்டது. இந்தப் பக்கத்துக் காற்றாடிகள் பலவும் நூற்பாலைகள் தங்கள் சொந்தத் தேவைக்காக நிறுத்தியவை. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது சட்டம். மில்லுக்கு வட்டாரம் எது? மில் இருக்கும் ஊரா, காற்றாடி நிற்கும் ஊரா? 135ஆம் பிரிவின் வரம்பையே எட்டாத உரிமையாளரை எந்த அறிக்கையில் தேடுவது? நாங்களோ அறிக்கை வெளியிடும் பெரிய நிறுவனங்களின் பெயர்களை வைத்து ஊர்களைத் தேர்ந்தெடுத்திருந்தோம்.

எடுத்த தாள்களை ஒதுக்கிவிட்டு, கோபுரங்களில் எழுதியிருந்த பெயரையும் மின் இணைப்பு எண்ணையும் நடந்து நடந்து குறித்தோம். புதிய பட்டியலை அதிலிருந்து தொடங்கினோம். திண்ணையை விட்டு வீடுகளுக்குப் போனோம். பெண்கள் பீடி சுற்றும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். முதல் கேள்வி, 'இந்தக் காற்றாடி யாருடையது?' அடுத்தது, 'அவர்கள் சார்பில் கடைசியாக ஊருக்கு யார் வந்தார்கள், எதற்கு?'

ஓர் ஊரில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் 'நிறுவப்பட்டது' என்று அறிக்கையில் நாங்களே குறியிட்டிருந்தோம். அது எப்போது நின்றது என்று கேட்டேன். தேதி யாருக்கும் நினைவில்லை. 'அம்மன் கோயில் கொடை விழாவுக்கு முந்தின வாரம்' என்றார் ஒருவர். கொடைக்கு வந்த விருந்தாளிகளுக்குத் தண்ணீர் இல்லாமல் விலைக்குக் கேன் வாங்கியதைச் சொன்னார் இன்னொருவர். கோயிலுக்குப் போய்க் கொடை நோட்டீஸை வாங்கிப் பார்த்து மாதத்தையும் ஆண்டையும் எழுதிக்கொண்டேன். அறிக்கையில் அந்த இயந்திரம் அதற்கடுத்த ஆண்டும் ஓடிக்கொண்டிருந்தது.