சிறுகுறிஞ்சானும் ஆய்வக எலிகளும்

மருந்தியல் முதுகலைப் படிப்பின் ஆய்வுக்குச் சிறுகுறிஞ்சானை நான் எடுத்துக்கொண்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கத்து வேலிகளில் அந்தக் கொடி கிடைத்தது. எங்கள் ஊர் நாட்டு வைத்தியரான ஆசான் அதன் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்துச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார்.

எலியைத் தொடுவதற்கு முன் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவுடைய ஒப்புதல் வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் அதன்கீழ் வந்த 1998ஆம் ஆண்டு விதிகளும் இதை வற்புறுத்துகின்றன. ஒரு பிரிவுக்கு ஆறு எலிகள் எதற்கு, குறைவான எண்ணிக்கை போதாதா என்று குழுவினர் துருவித் துருவிக் கேட்டார்கள்; அந்தக் கேள்விகள் நியாயமானவை என்றே இன்றும் நினைக்கிறேன். கூட்டம் கூடுவதற்கு ஆன காலதாமதம்தான் பொறுமையைச் சோதித்தது.

இரண்டு பருவமழையும் பெறுகிற நம் மாவட்டத்தில் இலையைப் பூஞ்சை பிடிக்காமல் நிழலில் காயவைப்பது தனி வேலை. காய்ந்த பொடியை எத்தனாலில் வடித்தெடுத்தபோது கிடைத்த கரும்பச்சைப் பிசின் போன்ற சாறு தண்ணீரில் கரையாததால், அதைக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் என்ற கூழ்மப் பொருளின் கரைசலில் கலக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

விஸ்டார் என்ற ஆய்வக வகை எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தைப் பயன்படுத்தினேன். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை இது அழிக்கிறது. விரைவில் சிதைந்துவிடும் என்பதால், பிஎச் 4.5 உள்ள குளிர்ந்த சிட்ரேட் கரைசலில் கலக்கிய கையோடு வயிற்றறைக்குள் ஊசியாகச் செலுத்திவிட வேண்டும். அன்றிரவு எலிகளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் வைப்பது அவசியம். ஏனெனில் அழியும் செல்களிலிருந்து இன்சுலின் மொத்தமாக வெளியேறி, இரத்தச் சர்க்கரை சரிந்து எலி இறந்துவிடக்கூடும். 72 மணி நேரம் கழித்து வால் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்த்து, டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தவற்றை மட்டும் சேர்த்துக்கொண்டேன். நீரிழிவு வந்த எலிகள் குடிக்கும் தண்ணீருக்கும் கழிக்கும் சிறுநீருக்கும் அளவே இல்லை. காலையில் மாற்றிய உமி மாலைக்குள் நனைந்து நாறும்.

அன்றாடம் மருந்து புகட்டுவதுதான் கையில் படிய நாளான வேலை. பிடரித் தோலைச் சேர்த்துப் பிடித்து, உடலை நேராக நிறுத்தி, முனை உருண்டையான வளைந்த ஊசியை வாயின் ஓரமாக இறக்க வேண்டும். எலி திமிறினாலோ மூச்சுத் திணறினாலோ ஊசி மூச்சுக்குழலுக்குப் போகிறதென்று பொருள். உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் சாறு பெற்ற எலிகளில் சர்க்கரை, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து பெற்றவற்றின் அளவுக்கு இல்லாவிட்டாலும், தெளிவாகக் குறைந்தது. இதைக் கேள்விப்பட்ட ஆசான், “அப்ப நம்ம பொடி கேக்கும்னு சொல்லு மக்களே” என்றார். அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எலிக்கான மருந்தளவை மனிதருக்கு மாற்றும் வழக்கமான கணக்கில் 6.2ஆல் வகுத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு வருகிறது. பொடியில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகக் கிடைக்கும் என்று கொண்டால், அது 40 கிராம் இலைப்பொடி. ஆசான் கொடுப்பதோ காலையும் மாலையும் ஒரு சிட்டிகை. அதோடு, ஒரே ஊசியில் கணையம் சிதைந்த எலியும், பல ஆண்டுகளாக இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் நோய் முற்றிய ஐம்பது வயதுக்காரரும் ஒன்றல்ல. மாத்திரையோடு இந்தப் பொடியையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாமென்று அவரிடம் வருகிறவர்களுக்குச் சொல்லச் சொன்னேன்.

ஆசான் கொடுக்கும் அளவிலேயே, எத்தனால் இல்லாமல் வெறும் பொடியாகக் கொடுத்துப் பார்ப்பதற்கான புதிய விண்ணப்பம், குழுவின் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்கிறது.