உறை மாறும், முகவரி மாறாது: இரண்டாம் முறையில் தேறிய சிசிஎன்ஏ

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவில் வியாழக்கிழமை தேறிவிட்டேன். இரண்டாவது முயற்சி. முதல் முறை தோற்றபோது கிடைத்த மதிப்பெண் தாளை இன்னும் கிழித்துப்போடவில்லை. அதில் ‘ஐபி கனெக்டிவிட்டி’ (நெட்வொர்க்குகளுக்கு இடையே வழி கண்டுபிடிப்பது) என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்ணை இங்கே எழுத மனமில்லை. தேர்வில் 25 சதவீதம் அந்தப் பகுதிக்குத்தான். அது தெரிந்தும் கோட்டைவிட்டேன்.

கேள்விகள் எதையும் சொல்லப்போவதில்லை. வெளியே சொல்லமாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லோரும் உட்காருகிறோம். கீழே வரும் எண்கள் அனைத்தும் என் நோட்டிலிருந்து எடுத்தவை.

முதல் முறை நான் படித்தது இப்படித்தான்: நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் ஒப்பிப்பேன். எஸ்எஸ்எச் 22, டெல்நெட் 23, டிஎன்எஸ் 53, எச்டிடிபிஎஸ் 443 என்று ஒவ்வொரு சேவையின் போர்ட் எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பிலும் அதைத்தான் கேட்டார்கள், நானும் சொல்லிச் சொல்லிப் பாராட்டு வாங்கினேன். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், இன்றைய இணையத்தின் விதிமுறையான டிசிபி/ஐபிக்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று; ஏழு அடுக்கு மாதிரி சர்வதேசத் தரமாக வெளிவந்தது 1984இல். ஒப்பிப்பதற்கான பட்டியல் வருவதற்கு முன்பே பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) ஓடிக்கொண்டுதான் இருந்தன. இதைத் தோற்ற பிறகு படித்தபோது எரிச்சல்தான் வந்தது.

தேர்வு அறையில் நடந்தது இதுதான். கட்டளை அடித்துச் செய்துகாட்டவேண்டிய ஒரே ஒரு செயல்முறைக் கேள்வியில் 25 நிமிடம் போனது. தெரிந்த கட்டளைகளையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேனே தவிர, பாக்கெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. மொத்தமே 120 நிமிடம். விட்ட கேள்விக்குத் திரும்பி வரவும் முடியாது. கடைசிக் கேள்விகளைப் படித்துப் பார்க்காமலேயே ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு எழுந்தேன்.

மறுமுறை எழுத ஐந்து நாள் காத்திருந்தால் போதும் என்பது விதி. நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு மாதத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்: ஒரு பாக்கெட்டின் பின்னாலேயே நடந்தேன். காகிதத்தில், பேனாவால்.

ஒன்றைக் காட்டுகிறேன். ஒரு கணினி, 192.168.10.77. ஒரு சர்வர், 192.168.10.100. இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்வது) /27. பார்த்தால் அடுத்தடுத்த வீடு போலத் தெரியும். ஆனால் /27 என்றால் 32, 32 ஆக வெட்டவேண்டும்: 0, 32, 64, 96. ஆகவே 77 இருப்பது 64 முதல் 95 வரையுள்ள துண்டில். 100 இருப்பது 96 முதல் 127 வரையுள்ள துண்டில். இரண்டும் வேறு வேறு நெட்வொர்க். இடையில் ரவுட்டர் (நெட்வொர்க்குகளை இணைக்கும் கருவி) இல்லாமல் பேச முடியாது.

இப்போது கணினி என்ன செய்யும்? சர்வர் தன் நெட்வொர்க்கில் இல்லை என்று கண்டுகொள்ளும். உடனே தன் கேட்வேயான, அதாவது வெளியே போகும் வாசலான ரவுட்டரின் 192.168.10.65ஐத் தேடும். ‘65 யார்? உன் மேக் முகவரி என்ன?’ என்று ஏஆர்பி (ஐபி முகவரியைக் கொண்டு வன்பொருள் முகவரியான மேக்கைக் கேட்டறியும் முறை) வழியாக எல்லோருக்கும் கேட்கும்படி கூவும். ரவுட்டர் மட்டும் பதில் சொல்லும். கவனியுங்கள், அது சர்வரின் மேக் முகவரியைக் கேட்கவே இல்லை. முதல் முறை தேர்வுக்குப் போனபோது இதை என்னிடம் கேட்டிருந்தால் ‘சர்வரின் மேக்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகு நோட்டில் நான்கு கட்டம் போட்டு எழுதுவேன்: அனுப்பும் மேக், பெறும் மேக், அனுப்பும் ஐபி, பெறும் ஐபி.

முதல் தாவல்: கணினியின் மேக், ரவுட்டரின் மேக், 77, 100.
இரண்டாம் தாவல்: ரவுட்டரின் மறுபக்க மேக், சர்வரின் மேக், 77, 100.

உள்ளே இருக்கும் கடிதத்தின் முகவரி (ஐபி) அப்படியே இருக்கிறது. வெளி உறையை (மேக்) ஒவ்வொரு ரவுட்டரும் கிழித்துப் புதிதாக ஒட்டுகிறது, பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர் தாண்டலாம் என்ற எண்ணான டிடிஎல்லில் ஒன்றைக் குறைக்கிறது. முகவரியை மாற்றி அனுப்பும் நேட் நடுவில் இருந்தால் ஐபியும் மாறும், ஆனால் அதை இந்தக் கட்டங்கள் மனத்தில் பதிந்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நேட்டையும் இழுத்துப் போட்டுக்கொண்டால் இரண்டும் குழம்பும்.

இந்த நான்கு கட்டங்களை ஏறக்குறைய நாற்பது நெட்வொர்க் படங்களுக்கு எழுதினேன். இருபதாவது படத்துக்கு மேல் தனித்தனியாகப் படித்தவை ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின. ரவுட்டரிலிருந்து முதல்முறை பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால் ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். 80 சதவீதம் வெற்றி என்று காட்டும். நான் இதை ஏதோ இணைப்புக் கோளாறு என்று நினைத்துப் பயிற்சிப் படத்தில் கேபிளைப் பிடுங்கி மாற்றியிருக்கிறேன். கோளாறு ஒன்றும் இல்லை. ஏஆர்பி பதில் வருவதற்குள் முதல் பாக்கெட் கைவிடப்பட்டது, அவ்வளவுதான். மறுபடி அடித்தால் ஐந்தும் போய்ச் சேரும்.

77, 100 இருக்கும் அந்த முதல் படத்தில் கணினிக்கு மட்டும் தவறுதலாக /24 போட்டுப் பாருங்கள். சர்வர் தன் பக்கத்திலேயே இருப்பதாக நம்பி நேராக 100ஐக் கூவி அழைக்கும். சர்வருக்கு அந்தக் குரலே கேட்காது. (ரவுட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி இயங்கினால் அது குறுக்கே புகுந்து பதில் சொல்லிக் காப்பாற்றிவிடும். இதனால் தவறு வெளியே தெரியாமலே போகும். ஒரு மாலைப்பொழுதை இதில் தொலைத்தேன்.)

ரவுட்டரின் வழிப்பட்டியலான ரவுட்டிங் அட்டவணையில் என்னைக் கவிழ்த்த குழி வேறு. 10.1.0.0/16க்கு ஸ்டாட்டிக் (நாமே கையால் எழுதிய) வழி ஒன்று, 10.1.1.0/24க்கு ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பகிர்ந்து கற்ற) வழி ஒன்று. பாக்கெட் போகவேண்டியது 10.1.1.5. ஸ்டாட்டிக்கின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (எந்த வழியை அதிகம் நம்புவது என்று சொல்லும் எண்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, சிறியதே வெல்லும், ஆகவே ஸ்டாட்டிக் என்று துள்ளிக் குதித்துப் பதில் சொல்வேன். தவறு. /24 நீளமான பொருத்தம். ஓஎஸ்பிஎஃப் வழியில்தான் போகும். ஒரே நெட்வொர்க்குக்கு, ஒரே மாஸ்க் நீளத்துக்கு இரண்டு இடத்திலிருந்து வழி வந்தால் மட்டும்தான் அந்த 1ம் 110ம் மோதும். எண்களை மனப்பாடம் செய்தவனுக்கு அந்த எண்களே வினை.

மற்றவை, வரிசை எதுவும் இல்லாமல்:

– டிரங்க்கில் (பல விலேன்களைச் சுமக்கும் இணைப்பு) விலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) 10, 20 ஓடிக்கொண்டிருக்கிறது. 30ஐயும் விடவேண்டும். ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலோவ்ட் விலேன் 30’ என்று அடித்தால் 10ம் 20ம் காலி. ‘ஆட்’ என்ற சொல் நடுவில் வரவேண்டும். பயிற்சியில் மூன்று முறை இதைச் செய்து, மூன்று முறையும் வேறு எங்கோ தேடினேன்.
– 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால் ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபியின் பதில் வரவில்லை என்று பொருள். டிஎன்எஸ்ஸை நோண்டவேண்டாம். டிஎச்சிபியின் முதல் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. சர்வர் அந்தப் பக்கம் இருந்தால், கூவலை அங்கே அனுப்பிவைக்க ரவுட்டரில் ஹெல்ப்பர் முகவரி வேண்டும்.
– 172இல் தொடங்குபவற்றில் தனியார் முகவரி 172.16 முதல் 172.31 வரைதான். 172.32 பொது முகவரி.
– ஸ்விட்சுகளுக்கிடையே சுற்று உருவாகாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயில், தலைமை ஸ்விட்சைத் தேர்ந்தெடுக்கும்போது சிறிய பிரிட்ஜ் ஐடி (முன்னுரிமையும் மேக்கும் சேர்ந்தது) வெல்லும். எல்லா ஸ்விட்சிலும் முன்னுரிமை 32768 ஆகவே இருந்தால் சிறிய மேக்தான் ராஜா.
– ஐபிவி6இல் இரட்டை முக்காற்புள்ளி (::) ஒரு முகவரியில் ஒருமுறைதான் வரலாம்.
– ஆட்டோமேஷன் 10 சதவீதம். ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி கிணறு தாண்டியாயிற்று. ஒரே மாலையில் முடித்தேன்.
– வயர்லெஸ். எனக்கு அது பிடிக்கவே இல்லை, அரைகுறையாகத்தான் படித்தேன். என்னிடம் கேட்காதீர்கள்.

காணொளி வகுப்புகள் எனக்கு ஒத்துவரவில்லை. பத்தாவது நிமிடத்தில் கண் சொக்கிவிடும். கூட்டாகப் படிப்பதும் அப்படியே. நண்பர்கள் பதில் சொன்னதும் எனக்கும் தெரியும் என்று தோன்றிவிடுகிறது. உங்களுக்கு ஒத்துவந்தால் செய்யுங்கள், ஆனால் கட்டங்களை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள்.

தேர்வு நாளன்று: அழித்தெழுதும் பலகை கைக்கு வந்ததும் 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எழுதி, அதன் கீழ் 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்று எழுதிவிட்டேன். செயல்முறைக் கேள்விக்குப் பத்து நிமிடம் என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். ஒன்றில் ஒன்பதாவது நிமிடத்திலும் ஒரு பகுதி முடியவில்லை. செய்தவரைக்கும் சேமித்துவிட்டுக் கடந்துபோனேன். சேமிக்கச் சொல்லியிருந்தால் மறக்காமல் சேமியுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பதை உங்களுக்கே விடுகிறேன். கணினி 172.16.5.130, சர்வர் 172.16.5.190. இரண்டுக்கும் /26 என்றால் கணினியின் ஏஆர்பி யாரைக் கூவி அழைக்கும்? இரண்டுக்கும் /27 என்றால் யாரை?