முதல் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் போங்கள்

குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் கூடிப் பேசும் கூட்டம் ஆறு மணிக்கு என்றால், ஐந்து ஐம்பதுக்கே அங்கே இருங்கள். சரியாக ஆறுக்கு நுழைந்து, கதவோரம் உட்கார்ந்து, முடிந்ததும் முதல் ஆளாகக் கிளம்புகிறவர் அங்கே கிடைப்பதில் பாதியைத் தொடாமலே போய்விடுகிறார். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து ஆள் தெரியாமல் பிதற்றும் நிலை வந்தால் அது உயிருக்கே ஆபத்து. கூட்டத்தில் இருப்பவர்களால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்; அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் வீட்டில் தனியாக முயலவே கூடாது.

இனி எந்தக் கூட்டம் என்ற கேள்வி. அதிக இடங்களில் நடப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் சேர்வதற்குத் தகுதி. கட்டணம் கிடையாது. செலவுக்காகத் தட்டோ பையோ சுற்றி வரும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. குடியிலிருந்து மீள அது வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளில் தன்னைவிடப் பெரிய சக்தி என்ற பேச்சு வரும். அது மனதுக்கு ஒட்டவில்லை என்றால் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரியைப் பாருங்கள். குடிக்கத் தூண்டும் எண்ணங்களைக் கையாளும் பயிற்சிகள்தான் அங்கே பிரதானம். குடும்பத்தாருக்கு அல்-அனான் தனியாக இருக்கிறது.

ஏ.ஏ. கூட்டங்களின் பட்டியலில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று போட்டிருக்கும். திறந்ததற்கு யாரும் வரலாம், வீட்டாரையும் அழைத்துப் போகலாம். மூடியது குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். பட்டியலில் பழைய விவரம் அப்படியே கிடப்பது சகஜம். மிகுந்த தயக்கத்தோடு கிளம்பிப் போனவர் பூட்டிய கதவைப் பார்த்தால் திரும்ப வரமாட்டார். அதனால் அமைப்பின் உதவி எண்ணை அழைத்து நாள், நேரம், எந்த வாசல் என்பதுவரை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து நிமிஷத்துக்கு வருவோம். நாற்காலி போடுகிறவர்கள் பெரும்பாலும் குழுவின் பழைய ஆட்கள். "முதல்முறை வந்திருக்கிறேன்" என்று அவர்களில் ஒருவரிடம் சொன்னால் போதும், பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். பிறகு ஏ.ஏ. கூட்டமானால் ஒரு மணி நேரமோ, ஒன்றரை மணி நேரமோ ஒவ்வொருவராகப் பேசுவார்கள். "என் பெயர் இது, நான் குடிநோயாளி" என்று தொடங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடும். ஒருவர் பேசும்போது குறுக்கே கேட்பதோ அறிவுரை சொல்வதோ கிடையாது. குடித்துவிட்டு வந்தவரையும் உட்காரவிடுவார்கள்; அன்றைக்குப் பேசாமல் கேட்கச் சொல்வார்கள்.

கேட்கும்போது "நான் இவர் அளவுக்கு மோசமில்லை" என்று மனம் அளக்கத் தொடங்கும். புதியவர்கள் கழன்று போவது பெரும்பாலும் இங்கேதான். எவ்வளவு குடித்தார் என்பதை விடுங்கள். குடிப்பதற்கு முன் மனதில் என்ன ஓடியது என்று அவர் சொல்வதைக் கவனியுங்கள்.

முடிந்த பிறகும் பத்து நிமிஷம் இருங்கள். தொலைபேசி எண்கள் கைமாறுவது அப்போதுதான். மூன்று எண்களாவது வாங்குங்கள், அன்றிரவே ஒருவரை அழைத்து இரண்டு நிமிஷம் பேசுங்கள். குடிக்க வேண்டும் என்ற வெறி ஏறிய நேரத்தில், ஒருமுறைகூடப் பேசாத எண்ணை விரல் அழுத்தாது. சும்மா இருக்கும்போதே அழைத்துப் பழகியிருக்க வேண்டும். கூட்டமே இதற்காகத்தான் என்றுகூட எனக்குத் தோன்றும்.

ஒரு கூட்டத்தோடு முடிவு கட்டாதீர்கள். குழுவுக்குக் குழு சூழல் மாறும். ஐந்தாறு இடம் போய்ப் பாருங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்பது ஏ.ஏ.வில் வழக்கமான யோசனை, கட்டாயம் அல்ல. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.ஏ.வில் ஈடுபடவைக்கும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்க மற்ற பல சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவியதாக அது சொல்கிறது.

ஸ்பான்சர் ஒருவரை, அதாவது புதியவருக்குத் துணை நின்று வழிகாட்டும் பழைய உறுப்பினரை, தேடும்போது, காதல் சிக்கலுக்கு இடமில்லாத ஒருவராகப் பாருங்கள். புதியவரின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்கள் எங்கும் உண்டு; நெருடினால் குழு மாறுங்கள். மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கேட்காதீர்கள், உறுப்பினர் யாரும் மற்றவருக்கு மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது என்பது ஏ.ஏ.வின் நிலைப்பாடே.

நடுவில் குடித்துவிட்டால் மறைத்துக்கொண்டு விலகாதீர்கள். சில குழுக்களில் குடிக்காமல் இருந்த 24 மணி நேரத்துக்கு, 30 நாளுக்கு என்று அடையாளமாக நாணயம் போன்ற சிறு வில்லை தருவார்கள். நாள் கணக்கு திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும், அந்த முதல் வில்லையை எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் குடி பல நாள் நீண்டிருந்தால் வலிப்பு ஆபத்தும் திரும்ப வந்துவிடும். அப்போது முதலில் மருத்துவர், அதற்குப் பிறகுதான் கூட்டம்.